தண்ணீர்ச் சொட்டுக்குத் தாளம் பிடித்தவர்

கேள்வி இதுதான்: "மாக்ஸ் ஸ்டைனரைத் திரை இசையின் தந்தை என்கிறார்களே, அவருக்கு முன்னால் படங்களில் இசையே இல்லையா? அப்படி என்ன புதிதாகச் செய்துவிட்டார்? எந்தப் படத்திலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?"

தந்தைப் பட்டத்தை முதலில் ஓரமாக வைத்துவிடலாம். மௌனப் படக் காலத்திலேயே கொட்டகையில் பியானோவோ ஆர்கனோ இருந்தது. பெரிய நகரங்களில் முழு ஆர்க்கெஸ்ட்ராவே உட்கார்ந்து வாசித்தது. 1908-லேயே பிரான்சில் சான்-சான்ஸ் என்ற பெரிய இசைமேதை ஒரு குறும்படத்துக்கென்று தனியாக இசை எழுதிக் கொடுத்திருக்கிறார். ஸ்டைனரே இந்தப் பட்டத்தை ஏற்கவில்லை. அதெல்லாம் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராவிலிருந்து வந்த யோசனை, என்னுடையது அல்ல என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரிதான் என்பது என் கட்சி.

அவர் செய்தது வேறு. நடிகர் பேசிக்கொண்டிருக்கும்போதே, அந்தப் பேச்சுக்கு அடியில், பேச்சை முழுங்காமல் ஓடும் இசையை எப்படி எழுதுவது, எப்படி அளப்பது, எப்படிப் பதிவு செய்வது என்று அன்றாடத் தொழிலாக நடத்திக் காட்டினார். அந்தக் கைப்பழக்கம் அவருக்கு சினிமாவிலிருந்து வரவில்லை, நாடகக் கொட்டகையிலிருந்து வந்தது. அதைப் பிடித்துக்கொண்டால் அவருடைய மொத்த வாழ்க்கையும் விளங்கிவிடும்.

பிறந்தது வியன்னாவில், 1888 மே 10. தாத்தா மாக்ஸிமிலியன் ஸ்டைனர் அங்கே புகழ்பெற்ற ஒரு நாடக அரங்கத்தின் நிர்வாகி. வால்ட்ஸ் மன்னர் இரண்டாம் யோஹான் ஸ்ட்ராஸை மேடைக்கு ஆபரெட்டா, அதாவது இலகுவான இசை நாடகம், எழுத இழுத்து வந்தவர்களில் அவரும் ஒருவர் என்பார்கள். அப்பா கபோர் ஸ்டைனர் இன்னும் ஒரு படி மேலே. வியன்னாவின் பிராட்டர் பூங்காவில் வெனிஸ் நகரத்தையே கால்வாய், படகு, பாலம் எல்லாம் வைத்து செட் போட்டுக் காட்டியவர். 1897-ல் அங்கே எழுந்த ராட்சச ராட்டினமும் அவர் நடத்திய பூங்காவில் வந்ததுதான். போரில் எரிந்து, திரும்பக் கட்டப்பட்டு இன்றும் சுற்றுகிறது. 'தி தேர்ட் மேன்' படம் பார்த்தவர்களுக்கு அந்த ராட்டினம் நினைவிருக்கும். பையனுக்கு ஞானத்தந்தை இன்னொரு ஸ்ட்ராஸ், பெரிய இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ். இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளை பதின்ம வயதிலேயே ஒரு ஆபரெட்டா எழுதியதில் வியப்பில்லை.

ஆனால் வசதியாக ஆரம்பித்த கதை வசதியாகத் தொடரவில்லை. இளைஞனாக லண்டனுக்குப் போய் மேடை நிகழ்ச்சிகளுக்கு இசை நடத்திக்கொண்டிருந்தவரை 1914-ல் முதல் உலகப்போர் பிடித்துக்கொண்டது. ஆஸ்திரியர் என்றால் எதிரி நாட்டுக்காரர். வெஸ்ட்மின்ஸ்டர் பிரபு என்ற ரசிகர் தயவில் வெளியேறும் காகிதங்கள் கிடைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கில் இறங்கியபோது கையில் இருந்தது 32 டாலர்.

அங்கே பதினைந்து வருடம் பிராட்வே மேடையில் வேலை. ஜெரோம் கெர்ன், விக்டர் ஹெர்பர்ட், ஜார்ஜ் கெர்ஷ்வின் போன்றவர்களின் நிகழ்ச்சிகளுக்கு வாத்தியம் பிரித்து எழுதுவது, ஒத்திகை பார்ப்பது, மேடைக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் நின்று கோலை ஆட்டுவது. பெயர் போஸ்டரில் பெரிதாக வராது. ஆனால் அந்தப் பள்ளத்தில் நிற்பவருக்கு ஒரு வித்தை கைவந்துவிடும். மேடையில் நடிகை ஒரு வரியை இன்று கொஞ்சம் இழுக்கிறாள் என்றால் இங்கே இசை காத்திருக்க வேண்டும். நடிகர் அவசரமாகக் கதவைத் திறந்துவிட்டால் இரண்டு அடியை விழுங்கிவிட்டு அந்தக் கதவுக்குச் சரியாகப் போய்ச் சேர வேண்டும். கண் எப்போதும் மேடையில், கை எப்போதும் வாத்தியக்காரர்களிடம். பிற்காலத்தில் அவர் திரையைப் பார்த்துச் செய்தது எல்லாம் இதே வேலைதான்.

ஹாலிவுட்டுக்கு வந்தது 1929-ன் கடைசியில். ஹாரி டியர்னி என்ற பிராட்வே இசையமைப்பாளர் சிபாரிசில் ஆர்.கே.ஓ. ஸ்டுடியோ அழைத்தது. பேசும்படம் வந்த புதிது. எல்லோரும் பாட்டுப்படமாக எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரே வருடத்தில் ஜனங்களுக்கு அது திகட்டிவிட்டது. இசைப் பிரிவில் ஆட்குறைப்பு. ஸ்டைனர் மாதச் சம்பளத்தில், அடுத்த மாதம் இருப்போமா என்று தெரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்துப் பேசும்படங்களைப் பார்த்தால் ஒன்று கவனிக்கலாம். தலைப்புக்கு ஒரு இசை, முடிவுக்கு ஒரு இசை, நடுவில் வெறும் பேச்சும் ஒருவித இரைச்சலும்தான். இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, தயாரிப்பாளர்களின் பயம்: "காட்டுக்குள் காதலர்கள் நிற்கிறார்கள், வயலின் எங்கிருந்து வருகிறது என்று ஜனங்கள் கேட்க மாட்டார்களா?" அதனால் ஒரு காதல் காட்சிக்கு இசை வேண்டுமென்றால், தெருவில் ஒரு வயலின்காரரை நடக்கவிடுவார்கள், அல்லது ஒரு இடையன் புல்லாங்குழலோடு வந்து போவான். ஸ்டைனர் பின்னாளில் இதை எழுதிச் சிரித்திருக்கிறார்.

இரண்டாவது காரணம் தொழில்நுட்பம். ஆரம்பத்தில் வசனத்தையும் இசையையும் தனித்தனியாகப் பதிந்து பிறகு சேர்ப்பது சரியாக வரவில்லை. சேர்த்தால் ஒலி கெட்டுவிடும். ஆகவே நடிகர்கள் பேசும்போதே ஓரத்தில் ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்க வேண்டும். ஒருவர் வசனத்தை மறந்தால் எல்லோரும் மறுபடி முதலிலிருந்து. பிறகு காட்சியை வெட்டி ஒட்டவும் முடியாது, இசை துண்டாகிவிடும். 1930-களின் தொடக்கத்தில்தான் பதிந்ததை மறுபடி பதிந்து கலப்பது, அதாவது ரீ-ரெக்கார்டிங், நம்பகமாக வந்தது. நம் ஊர் சினிமாக்காரர்கள் பின்னணி இசைக்கே "ரீ-ரெக்கார்டிங்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் சும்மா வந்ததல்ல என்பது இப்போது புரியும்.

கதவு திறந்த நேரத்தில் ஆள் வாசலில் நின்றிருந்தார். 1932-ல் 'சிம்பொனி ஆஃப் சிக்ஸ் மில்லியன்' படத்தில், தயாரிப்புப் பொறுப்பில் இருந்த டேவிட் செல்ஸ்னிக் "ஒரு துண்டுக்கு மட்டும் வசனத்துக்கு அடியில் இசை போட்டுப் பார்" என்றார். போட்டார். பிடித்துப்போய் முழுப் படத்துக்கும் போடச் சொன்னார்கள். வயலின் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் 'கிங் காங்'. படத்துக்கு ஏற்கெனவே ஏகப்பட்ட பணம் போயிருந்தது. பொம்மைக் குரங்கு ஜனங்களுக்குச் சிரிப்பாக இருக்குமோ என்று நிர்வாகத்துக்கு உதறல். புது இசைக்கு ஒரு காசும் கிடையாது, பழைய படங்களுக்குப் பதிந்து வைத்ததை எடுத்து ஒட்டு என்று உத்தரவு. படத்தை எடுத்த மெரியன் கூப்பர் ஸ்டைனரிடம், "நீ எழுது, செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாராம். இசைக்கு மட்டும் சுமார் 50,000 டாலர் ஆனது. எண்பது பேர் வாசித்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. உண்மையில் 46 பேர்தான். ஒருவரே இரண்டு மூன்று வாத்தியம் மாற்றி வாசித்து அந்தப் பெருக்கத்தைக் கொடுத்தார்கள்.

காங் வரும்போதெல்லாம் மூன்று ஸ்வரம், ஒன்றை ஒன்று ஒட்டி அரை அரை இடமாகக் கீழே இறங்கும். கனமாக, பித்தளை வாத்தியங்களில். அந்தப் பெண் ஆனுக்கு வரும் மென்மையான வால்ட்ஸ் மெட்டும் அதே மாதிரி இறங்கும் சாயலில்தான் தொடங்கும். கேட்பவர் இதை எண்ணிக்கொண்டு உட்கார மாட்டார். ஆனாலும் இருவருக்கும் ஏதோ ஒரு முடிச்சு இருப்பது காதில் ஏறிவிடும். படம் முடியும்போது இரண்டும் ஒன்றோடு ஒன்று கலக்கும். பொம்மைக்காக ஜனங்கள் கண் கலங்கினார்கள் என்றால் பாதிக் காரணம் இங்கே இருக்கிறது.

அதே படத்தில் தீவின் தலைவன் வெள்ளைக்காரர்களைக் கண்டு, சடங்கை நிறுத்திவிட்டு, அவர்களை நோக்கி இறங்கி வருகிறான். அவன் வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் ஆர்க்கெஸ்ட்ரா ஒரு அடி வைக்கும். நின்றால் நிற்கும். பிராட்வே பள்ளத்தில் நின்றவரின் கை இதில் அப்படியே தெரிகிறது.

இந்தப் பழக்கம் உச்சத்துக்குப் போனது 1935-ல், ஜான் ஃபோர்டின் 'தி இன்ஃபார்மர்' படத்தில். டப்ளினில் இருபது பவுனுக்காக நண்பனைக் காட்டிக்கொடுக்கும் ஒருவனின் கதை. அதில் ஒரு அடைப்பிடத்தில் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும். ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு ஸ்வரம் விழ வேண்டும் என்பது ஸ்டைனரின் ஆசை. சிக்கல் என்னவென்றால் தண்ணீருக்குத் தாளம் தெரியாது. ஒரு சொட்டு சீக்கிரம் விழும், அடுத்தது யோசித்து விழும். செட் சாமான்களைக் கவனிப்பவரும் ஸ்டைனருமாகச் சேர்ந்து தண்ணீர்த் தொட்டியோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டி, ஒரே சீராகச் சொட்ட வைத்தார்கள். அப்புறம் அதற்கு இசை எழுதினார். அந்தப் படத்துக்குத்தான் அவருடைய முதல் ஆஸ்கர்.

எல்லாப் படத்திலும் தொட்டியை வைத்துக்கொண்டு உட்கார முடியாதே. அதற்கு வந்தது 'க்ளிக் ட்ராக்'. இதை அவர் ஒருவரே கண்டுபிடித்தார் என்று எழுதுகிறார்கள்; கார்ட்டூன் படக்காரர்களும் அதே சமயத்தில் செய்துகொண்டிருந்தார்கள். கதைப்படத்தில் அதை வழக்கமாக்கியவர்களில் இவர் முக்கியமானவர், அவ்வளவு போதும். விஷயம் எளிது. ஒலிப்படம் வினாடிக்கு 24 ஃப்ரேம் ஓடும். ஒலிச்சுருளில் 12 ஃப்ரேமுக்கு ஒரு துளை குத்தினால் வினாடிக்கு இரண்டு 'டிக்', நிமிடத்துக்கு 120. பதினாறு ஃப்ரேமுக்கு ஒன்று என்றால் நிமிடத்துக்கு 90. இசை நடத்துபவரும் வாத்தியக்காரர்களும் அதை ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டே வாசிப்பார்கள். கதவு எந்த ஃப்ரேமில் சாத்தப்படுகிறது என்று தெரிந்தால், அது எத்தனையாவது டிக்கில் வரும் என்பது வெறும் வகுத்தல் கணக்கு. இன்றைக்குக் கம்ப்யூட்டரில் டெம்போ எண்ணைத் தட்டிவிட்டு வேலை செய்பவர்களும் செய்வது இந்தக் கணக்குத்தான், துளை மட்டும்தான் போய்விட்டது.

அவருடைய வேலைமுறையும் இதற்கேற்றபடி இருந்தது. கதையை முன்கூட்டிப் படிக்கிற வழக்கமே இல்லை. படம் வெட்டி முடிந்த பிறகு உட்கார்ந்து பார்ப்பார். அப்புறம் ஒவ்வொரு ரீலையும் அளந்து, யார் எப்போது திரும்புகிறார், எந்த வசனம் எந்த வினாடியில் முடிகிறது என்று பட்டியல் போடச் சொல்வார். அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பென்சிலால் நான்கைந்து வரியில் சுருக்கமாக எழுதுவார். முழு வாத்தியத்துக்கு விரித்து எழுதுவது வேறொருவர். வார்னரில் நெடுங்காலம் அந்த வேலையைச் செய்தவர் ஹ்யூகோ ஃப்ரீட்ஹோஃபர். அவருக்காக ஸ்டைனர் ஓரத்தில் எழுதி வைத்த கிண்டல்களும் புலம்பல்களும் அந்தக் கைப்பிரதிகளில் இன்றும் இருக்கின்றன. அவை அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

இனி குறை. அவருடைய இசையை 'மிக்கி மவுசிங்' என்று சொல்வார்கள். கார்ட்டூனில் எலி படியில் இறங்கினால் இசையும் டொங் டொங் என்று இறங்குமே, அந்த மாதிரி. 1934-ல் 'ஆஃப் ஹ்யூமன் பாண்டேஜ்' படத்தில் நாயகன் கால் ஊனமுற்றவன். அவன் நடந்தால் இசையும் நொண்டும். இன்று பார்க்கும்போது இது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. நாம் கண்ணால் பார்த்துவிட்டதைக் காதிலும் ஏன் குத்த வேண்டும்? 'டார்க் விக்டரி' படத்தின் கடைசியில் பெட் டேவிஸ் மாடிப்படி ஏறுகிற காட்சி. இந்தப் படிக்கட்டில் நான் ஏறப் போகிறேனா, ஸ்டைனர் ஏறப் போகிறாரா என்று அவர் கேட்டாராம். கதை எவ்வளவு உண்மையோ, கேட்டதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இதே ஆள் எங்கே வாயை மூட வேண்டும் என்பதும் தெரிந்தவர். 'கிங் காங்'கில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் விமானங்கள் சுடும்போது இசையே கிடையாது. எஞ்சின் சத்தம், துப்பாக்கிச் சத்தம், குரங்கின் உறுமல், அவ்வளவுதான். காங் தளர்ந்துபோகும்போதுதான் இசை திரும்பி வருகிறது. குறை சொல்பவர்கள் இந்த இடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1936-ல் ஆர்.கே.ஓ.வை விட்டார், செல்ஸ்னிக்கிடம் கொஞ்ச காலம், பிறகு வார்னர் பிரதர்ஸ். வார்னர் படங்களின் தொடக்கத்தில் கேடயச் சின்னத்தோடு பல வருடம் ஒலித்த அந்தக் கம்பீர முழக்கம் இவர் எழுதியதுதான். முதலில் 1937-ல் 'டோவாரிச்' படத்துக்காக எழுதப்பட்டது. அங்கே இன்னொரு வியன்னாக்காரர் இருந்தார், கோர்ன்கோல்ட். உண்மையான சங்கீத மேதை என்று ஊரே கொண்டாடியவர். ஸ்டைனர் அவரிடம், "பத்து வருடமாகப் பார்க்கிறேன், என் இசை தேறிக்கொண்டே போகிறது, உன்னுடையது இறங்கிக்கொண்டே போகிறதே" என்று சீண்ட, "நீ என்னிடமிருந்து திருடுகிறாய், நான் உன்னிடமிருந்து திருடுகிறேன், அதுதான்" என்று பதில் வந்ததாக ஒரு கதை ஹாலிவுட்டில் ரொம்ப நாள் சுற்றியது.

1939-ம் வருடக் கணக்கைப் பாருங்கள்: பன்னிரண்டு படம். அதில் ஒன்று 'கான் வித் த விண்ட்'. படம் ஏறக்குறைய நான்கு மணி நேரம், அதில் பெரும்பகுதிக்கு இசை உண்டு. கையில் இருந்ததோ மூன்று மாதம் மாதிரி. சில நாள் இருபது மணி நேரம் வேலை. தூக்கம் வராமல் இருக்க மருத்துவர் மேற்பார்வையில் பென்சிட்ரின் என்ற ஊக்க மருந்து எடுத்துக்கொண்டார். வாத்தியம் விரித்து எழுத ஒரு கூட்டமே வேலை செய்தது. நேரத்துக்கு வராதோ என்ற பயத்தில் செல்ஸ்னிக், ஹெர்பர்ட் ஸ்டோதார்ட் உட்பட வேறு ஆட்களிடமும் பேசி வைத்தார். கடைசியில் ஸ்டைனரே முடித்துக் கொடுத்தார்.

அந்தப் படத்தின் மெட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முக்கிய மெட்டு நாயகிக்கோ நாயகனுக்கோ இல்லை, டாரா என்ற அந்தப் பண்ணைக்கு. முதல் ஸ்வரத்திலிருந்து அடுத்தது ஒரே தாவலில் மேல் ஸ்தாயிக்கு எட்டும், பிறகு மெல்ல இறங்கும். ஆட்கள் மாறுகிறார்கள், சாகிறார்கள், போகிறார்கள். நிலத்தின் மெட்டு மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. கதையின் சாரத்தை அவர் பிடித்த இடம் இது. அந்த வருட ஆஸ்கர் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 'தி விஸர்ட் ஆஃப் ஆஸ்' படத்துக்குப் போனது. வாங்கியவர் அதே ஸ்டோதார்ட்!

'காசாபிளாங்கா' கதை இதைவிட ருசியானது. படத்தில் வரும் பாட்டு ஸ்டைனருடையது அல்ல. 1931-ல் ஹெர்மன் ஹப்ஃபெல்ட் எழுதிய பழைய பாட்டு. ஸ்டைனருக்கு அது பிடிக்கவே இல்லை. தூக்கிவிட்டு, நான் புதிதாக ஒன்று எழுதுகிறேன் என்றார். ஆனால் பாட்டின் பெயரைச் சொல்லி இங்ரிட் பெர்க்மன் நடித்த காட்சியை மறுபடி எடுக்க வேண்டும். அவரோ அடுத்த படத்துக்காகத் தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டுவிட்டார். வேறு வழி இல்லை. பிடிக்காத அந்தப் பாட்டையே எடுத்துச் சிதைத்து, பாரிஸ் நினைவுக்கு ஒரு மாதிரி, விமான நிலையத்துக்கு ஒரு மாதிரி, பிரெஞ்சு தேசிய கீதத்தோடு பின்னிப் பின்னிப் படம் முழுக்க ஓடவிட்டார். பள்ளத்து ஆளுக்கு இதுவும் பழக்கம்தான்: பிராட்வேயில் அவர் வாசித்ததெல்லாம் அடுத்தவர் மெட்டுத்தானே. அதற்கு ஆஸ்கர் கிடைக்கவில்லை. 1942-ல் வந்த 'நவ், வாயேஜர்' இரண்டாவதையும், 1944-ன் 'சின்ஸ் யூ வென்ட் அவே' மூன்றாவதையும் வாங்கித் தந்தன. பரிந்துரை மட்டும் இருபதுக்கு மேல். மொத்தப் படங்கள் முந்நூறைத் தாண்டும்.

இதற்கு நடுவில் சொந்த வாழ்க்கை அவ்வளவு சீராக இல்லை. நான்கு கல்யாணம். 1938-ல் நாஜிகள் ஆஸ்திரியாவை விழுங்கியதும் வயதான அப்பாவை அமெரிக்காவுக்கு வரவழைத்தார். ராட்டினத்தை விட்டுவிட்டு வந்த கபோர் 1944-ல் கலிஃபோர்னியாவில் இறந்தார். ஐம்பதுகளில் ஹாலிவுட்டின் ருசி மாறியது; ஜாஸும் தாள நவீனமும் வந்தன. ஸ்டைனர் பழைய ஆள் ஆனார், பணமும் கரைந்தது, கண் பார்வையும் மங்கியது.

அந்த நிலையில் 1959-ல் 'எ சம்மர் ப்ளேஸ்' என்ற படத்தில் இளம் காதலர்களுக்காக ஒரு மெட்டு போட்டார். பெர்சி ஃபெய்த் தன் ஆர்க்கெஸ்ட்ராவோடு அதைப் பதிந்து வெளியிட்டார். 1960-ல் ஒன்பது வாரம் அமெரிக்காவில் முதலிடம். எல்விஸ் காலத்து இளசுகள் வாங்கிக் குவித்த இசைத்தட்டு, எழுபதைத் தாண்டிய, கண் மங்கிய ஒரு வியன்னாக் கிழவருடையது! ராயல்ட்டி வந்து கடன் தீர்ந்தது. இன்றும் லிஃப்டிலும் ஓட்டல் வரவேற்பறையிலும் அதைக் கேட்டிருப்பீர்கள், யாருடையது என்று தெரியாமலே. 1965-ல் கடைசிப் படம். 1971 டிசம்பர் 28 அன்று ஹாலிவுட்டில் காலமானார், வயது 83.

சரி, எங்கே ஆரம்பிப்பது? பாட்டு மட்டும் தனியாகக் கேட்டால் பாதிதான் கிடைக்கும், படத்தோடு பாருங்கள். 'கிங் காங்'கை எடுங்கள், முதல் இருபது நிமிடம் தலைப்பைத் தாண்டி இசையே இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் என்றால் நிஜ உலகம், அங்கே அவருக்கு வேலை இல்லை. பிறகு கப்பல் பனிமூட்டத்துக்குள் நுழையும். அப்போது ஹார்ப்பும் தாழ்ந்த வயலின்களும் மூச்சு விடுகிற மாதிரி ஆரம்பிக்கும். கப்பல்காரர்கள் தளத்தில் நின்று காது கொடுக்கிறார்கள். பாறையில் அலை மோதுகிற சத்தம் என்கிறார் ஒருவர். அலை இல்லை, முரசு என்கிறார் இன்னொருவர். அந்த முரசு தீவில் அடிக்கிறதா, ஆர்க்கெஸ்ட்ராவில் அடிக்கிறதா என்று உங்களுக்கும் ஒரு கணம் தெரியாது.